கழிமுகம் உடைந்த காலை

அன்று காலை உப்பங்கழியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இந்தத் தொடரில் இதுவரை எழுதியதிலேயே எழுதக் கூசிய வரி இதுதான்.

ஐப்பசி மாதம். இரண்டு நாள் விடாமல் பெய்த மழை முந்தின இரவோடு ஓய்ந்திருந்தது. முட்டுக்காடு பாலத்துக்குக் கிழக்கே, கழி கடலைத் தொடும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஈர மணலில் நானும் தேவசகாயம் சாரும் நின்றிருந்தோம். முதுகுக்குப் பின்னால் கடல் இரைந்தது. எதிரே மேற்கில் கழி, தேநீர் நிறத்தில் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஒரு பறவை கூட இல்லை. அவ்வளவு ஆழத்தில் குட்டைக்கால் பறவைகள் எங்கே நிற்கும்? வந்தது வீண் என்று பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டோம்.

காப்பி பாதி குடித்திருப்பேன். "மேடம், சேறு தெரியுது பாருங்க" என்றார் சார்.

தூரத்தில், தண்ணீருக்கு நடுவே, எருமை முதுகு போல ஒரு சேற்றுத் திட்டு எழுந்துகொண்டிருந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. எங்கிருந்துதான் வருமோ, உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. பவளக்காலிகள், உப்புக்கொத்திகள், ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது பளீரென்று வெளுக்கும் சின்னக் குருவிக் கூட்டங்கள். மழை கழுவிய வெளிச்சத்தில் ஒவ்வொரு காலும் தெரிந்தது. சேற்றின் வாடை காற்றில் ஏறி வந்தது.

அரை மணி நேரத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்தம்

வரைபடப் பிரிவில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். பறவை பார்க்கப் போனதாக இரண்டு மூன்று இடங்களில் சொல்கிறீர்கள், பிறகு அந்தப் பேச்சே இல்லையே, ஏன் விட்டீர்கள் என்று. நல்ல கேள்வி. அந்தக் கடிதம் ஒரு மாதமாக என் மேஜை மேல் இருக்கிறது.

ஆரம்பித்த கதை சாதாரணமானது. புதுப்பட்டினத்தை ஒட்டிய குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. என் கணவருக்கு ஷிப்ட் வேலை. சனிக்கிழமை இரவு வேலைக்குப் போனால் ஞாயிறு விடிந்து வந்து படுப்பார். தூக்கம் மெல்லியது. குக்கர் விசில் அடித்தால் எழுந்துவிடுவார், பாத்திரம் உருண்டால் எழுந்துவிடுவார், நான் செய்தித்தாளைத் திருப்பினால்கூட எழுந்துவிடுவார். அவர் தூங்கட்டும் என்று நான் வெளியே நடக்கப் போனேன். நடந்த இடத்தில் பறவை இருந்தது.

தேவசகாயம் சார் எங்கள் அலுவலகத்திலேயே கருவிகள் பிரிவில் இருந்தார். ஏறக்குறைய என் வயது. நாகர்கோவில் பக்கம். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகாமல் மாலை ஆராதனைக்குப் போவார், இந்தப் பறவைகளுக்காக. அவர் மனைவி மெர்சி இரண்டு தடவை எங்களோடு வந்துவிட்டு, எல்லாம் ஒரே கொக்காகத்தான் தெரிகிறது என்று நின்றுவிட்டார்.

ஆணும் பெண்ணுமாய் விடிகாலை பஸ்ஸில் போகிறார்களே என்று குடியிருப்பில் பேசாமல் இல்லை. என் கணவரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் கிடைக்கிறது என்று அவர் பதில் சொன்னாராம்.

சாரிடம் ஒரு பழைய தொலைநோக்கி இருந்தது. பாரிமுனைச் சந்து ஒன்றில் வாங்கியது, முழங்கை நீளம், கண்ணாடியின் ஒரு மூலையில் பூஞ்சை. மூன்று கால் நிறுத்தியின் ஒரு கால் உடைந்து, அவரே ஒரு பட்டை போட்டு இறுக்கியிருந்தார். அதைக் கீழே வைக்குமுன் மணலில் சாக்கு விரிப்பார். அந்தக் கண்ணாடிக்கு அவ்வளவு மரியாதை.

அதில் அவர் நாலு பருவமாகத் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பறவையை. கோணமூக்கு உள்ளான். கறுப்பும் வெள்ளையுமாக, நீலம் பாய்ந்த காலோடு, மூக்கு மட்டும் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தோம். முட்டுக்காட்டில் சிலர் கண்டதாகப் பேச்சு. எங்கள் கண்ணில் படவில்லை.

தண்ணீரில் இரண்டு தலைகள்

அன்று கழியில் எங்களைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். இறால் தடவும் பெண்கள்.

அந்தப் பக்கத்தில் அது தினமும் காணும் காட்சி. வலை கிடையாது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு, உடம்பை முன்னே சாய்த்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். கையில் இறால் அகப்பட்டால் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சின்னக் கூடை. கை இரண்டும் வேலையில் இருப்பதால் அதன் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் மேல் ஒரு தலையும் ஒரு கூடையும்தான் தெரியும்.

எங்கள் நோட்டில் பத்திகள் போட்டு எழுதுவோம். பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம். கடைசிப் பத்தியின் தலைப்பு 'தொந்தரவு'. நாய், படகு, மாடு என்று அதில் எழுதுவோம். அன்று காலை என் கையெழுத்தில் அந்தப் பத்தியில் இருந்தது, 'இறால் தடவும் பெண்கள் இருவர்.'

ஏழு மணி தாண்டியிருக்கும். சார் தொலைநோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு ஒரு பக்கமாக விலகி, எனக்கு இடம் விட்டு, குரலைத் தாழ்த்தி, "வந்துட்டு மேடம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் குனிந்தேன். சேற்றுத் திட்டின் விளிம்பில் பதினொன்று நின்றன. மூக்கைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமுமாகக் கூட்டிப் பெருக்குவது போல அசைத்தன. புத்தகத்துப் படம் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்போது தொலைநோக்கியில் தெரிந்த வட்டத்தின் கீழ்ப்பக்கம் ஏதோ மங்கலாக எழுந்து பறவைகளை மறைத்தது. பக்கத்தில் இருக்கும் பொருள் தொலைநோக்கியில் தெளிவாகத் தெரியாது. பழுப்பாய், கலங்கலாய் ஒன்று மேலே வரும், கீழே போகும், மறுபடி வரும்.

அது ஒரு கை என்று எனக்குத் தெரிந்தது.

தெரிந்தது. இதைத்தான் இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் கையைத் தூக்கி ஆட்டுகிறாள் என்று தெரிந்தது. பறவையை விரட்டுகிறாளோ, அக்கரையில் யாரையாவது கூப்பிடுகிறாளோ, அதை முழுதாக நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மறைக்கிறாளே என்ற எரிச்சல்தான் இருந்தது. தொலைநோக்கியை ஒரு விரல் அகலம் வலப்பக்கம் தள்ளினேன். கை போய்விட்டது. பறவைகள் மறுபடி தெளிந்தன.

கூடை போன வேகம்

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடமா, இரண்டா?

"மேடம், அந்தக் கூடையப் பாருங்க" என்றார் சார். அவர் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தேன். தண்ணீரில் ஒரு பறி தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் அது வலப்பக்கம் கடந்த வேகம் கழியின் வேகமே இல்லை. கழி எப்போதும் குளம் போலக் கிடக்கும். இது ஆறு.

அப்போதுதான் சத்தம் காதில் உறைத்தது. கடல் என்று நினைத்திருந்தேன். பாதி கடல் இல்லை. எங்களுக்கு வடக்கே, சவுக்கு மரங்கள் நின்ற மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், முகத்துவாரம் உடைந்திருந்தது. கழிக்கும் கடலுக்கும் நடுவில் வருடம் முழுக்க அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு கடலில் பாய்ந்துகொண்டிருந்தது. சேறு எழுந்தது அதனால். பறவைகள் வந்தது அதனால்.

இரண்டு தலைகளையும் தேடினேன். முன்பு இருந்த இடத்தில் இல்லை. எங்களுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தன. வாய் திறந்து மூடியது தெரிந்தது. குரல் வரவில்லை. கடலிரைச்சல் தின்றுவிட்டது.

சார் ஓடினார். நீச்சல் தெரியாத மனிதர். சட்டை பேண்ட்டோடு இடுப்பளவு இறங்கினார். காலடி மணல் சரிந்து அவரே விழுந்தார். எழுந்து மறுபடி இறங்கினார். நான் கரையோடு ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சவுக்கு மேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் சில நொடிகள் தண்ணீர் கண்ணுக்கு மறைந்தது. மறுபடி பார்த்தபோது ஒரு தலைதான் இருந்தது.

முகத்துவாரம் உடைந்ததைப் பார்க்க மீன்பிடிக் குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களிடம் கட்டுமரம் கட்டும் கயிறு இருந்தது. ஒருவர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தார். இன்னொருவரும் நானும், பின்னால் ஓடிவந்த சாரும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அந்தப் பெண்ணைக் கரையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். சேறும் தண்ணீருமாக வாயிலிருந்து வந்தது.

அவள் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. அவளும் என் வயதுதான். கண் திறந்ததும் கடல் பக்கம் திரும்பி அஞ்சலை என்றாள். அஞ்சலை அவள் கணவனின் தங்கை. கல்யாணமாகி இரண்டு மாதம், தீபாவளிக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள்.

குதித்தவர் மறுபடி போனார். கடலில் அலை உடையும் இடம் வரை போய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

கன்னியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"நீங்க எங்களத்தான் பாத்துகினு இருந்தீங்க, இல்ல? ஆளு பாத்துட்டாங்கன்னு அவகிட்ட சொன்னேனே. கைய தூக்கித் தூக்கிக் காட்டுனோமே."

தேவசகாயம் சார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

வாக்குமூலம்

அஞ்சலையின் உடல் மறுநாள் பிற்பகல் தெற்கே கோவளம் தாண்டி ஒதுங்கியது.

அதற்கு முன்பே, சம்பவம் நடந்த அன்றே, போலீஸ்காரர் எங்களிடம் எழுதி வாங்கினார். ஒரு கான்ஸ்டபிள், மணலில் முட்டி போட்டு, தொடை மேல் தாளை வைத்து எழுதினார். முதலில் சாரைக் கேட்டார். பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கவனிக்கவில்லை என்று அவர் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. பிறகு என்னிடம், அந்தப் பெண்கள் கை காட்டியதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். உரிந்த கையால் பேனாவைப் பிடித்தது எரிந்தது. எனக்குப் பின்னால் அந்தப் பதினொரு பறவைகளும் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. நிச்சயம் மேய்ந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தொலைநோக்கி நின்ற இடத்திலேயே சாக்கின் மேல் நின்றது. சார் அதை எடுத்து வரவில்லை. நான்தான் மடக்கிப் பையில் போட்டு, பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.  மாமல்லபுரம் தாண்டியதும் அவர், அந்த நேரத்தில் கண்ணாடியில் யார் இருந்தோம் என்று கேட்டார். நீங்கள்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருட முடிவில் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் பறவை படம் இருந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் ஜலதாரைக்கு ஓடியது. அந்த ஓட்டத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்துதான் குழாயை மூடினார்.

சிவப்புத் துணி

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. நடந்ததால் எழுதுகிறேன்.

பதினைந்து நாள் கழித்துக் கன்னியம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். கழிக்கரையில் பத்துப் பதினைந்து குடிசைகள். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாசலில் அஞ்சலையின் அண்ணன், கன்னியம்மாவின் கணவர், உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். கயிறு இழுத்த அம்மா என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னார். உண்மையைச் சொல்லாமல், பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கழி முழுவதையும் அளந்து ஒரு வரைபடம் போட்டேன். பெண்கள் இறங்கும் இடங்கள், ஓட்டம் இழுக்கும் கால்வாய், முகத்துவாரம். ஞாயிறுதோறும் போய்ப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தேன். முகத்துவாரம் உடைந்தால் மேல்பக்கம் இருப்பவர்களுக்கு யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை. அந்தத் தாளை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு கழிக்கரை ஆட்களும் மீன்பிடிக் குப்பத்து ஆட்களும் ஒரு சாயங்காலம் பேசினார்கள். வெள்ளம் வடிய ஆட்களே வெட்டி உடைப்பதானாலும், தானாக உடைந்தாலும், முதலில் பார்க்கிறவர் மணல் மேட்டுக் கம்பத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று முடிவானது. அடுத்த ஐப்பசியில் கட்டினார்கள். நான் இருந்த வருடங்களில் அங்கே வேறு யாரையும் தண்ணீர் கொண்டுபோகவில்லை.

இப்படிப் போய்ப் போய்க் கன்னியம்மாவும் நானும் சிநேகிதமானோம். வாங்க போங்க என்பதை முதலில் அவள் விட்டாள், பிறகு நான் விட்டேன். எனக்காக இறால் எடுத்து வைப்பாள். நான் வாங்கிக்கொண்டு வருவேன். சமைப்பேன். என் தட்டில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

கன்னியம்மா சொன்னது

பிறகு கடல் உள்ளே வந்த அந்த டிசம்பர். எங்கள் குடியிருப்பிலும் இழப்பு. பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே கன்னியம்மாவைத் தேடிப் போனேன். வீடு இல்லை. குடும்பம் பிழைத்து, கேளம்பாக்கத்தில் உறவினர் வீட்டில் இருந்தது. அவளைப் பார்க்கும் வரை என் மனதில் ஓடியது ஒன்றுதான். இவளும் போயிருந்தால் யாரிடம் சொல்வேன்?

அப்போதும் சொல்லவில்லை. இன்னும் ஓரிரு வருடம் போனது. கன்னியம்மா கழியில் இறங்குவதை விட்டுவிட்டாள். பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. நீலச் சேலை, கழுத்தில் அட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுப் பின்பக்கம், துவைத்த சேலையின் இரு முனையையும் இருவரும் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தோம். அப்போது சொன்னேன். கை தெரிந்தது. மறைத்தது. நான் தள்ளினேன். போலீஸிடம் பொய் சொன்னேன்.

அவள் பிழிவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "அந்தக் கொழா திரும்புனத நான் பாத்தேன். நீ குனிஞ்சிகினு தள்ளுன."

சேலை என் கையிலிருந்து நழுவியது. எத்தனை வருடம்! எத்தனை தடவை எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். நான் கயிறு இழுத்த கதையை ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டே.

ஏன் கேட்கவில்லை என்றேன்.

அவள் சேலையை எடுத்து மண்ணைத் தட்டினாள். வீட்டுக்குள் அவள் கணவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"எத்த வெச்சி கேக்கறது? அஞ்சல என் கைய புட்ச்சிகினு இருந்தா. நல்லா புட்ச்சிகினு இருந்தா. ரெண்டு பேரும் போய்டுவோம்னு தெரிஞ்சிச்சி. நான் ஒதறி வுட்டேன்."

சவுக்கு மேட்டைச் சுற்றி நான் ஓடிய அந்தச் சில நொடிகள். நான் எதையும் காணாத ஒரே இடம். அங்கேதான் அது நடந்திருக்கிறது.

 அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு வந்து, ஈரக் கையோடு என் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்றாள். சரி என்றேன். அன்று கடைசி பஸ் வரை அங்கேயே இருந்தேன்.

கன்னியம்மாவின் கணவர் போன வருடம் காலமானார். வாசகியின் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் போனேன். படித்துக் காட்டினேன். எழுதட்டுமா என்று கேட்டேன்.  உன்னுடையதை மட்டும் எழுதாதே, என்னுடையதையும் சேர்த்து எழுது என்றாள். யாருக்கும் சங்கடம் வராமல் பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். தன் பெயரை என் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் பெயர் கன்னியம்மா இல்லை.

நான் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது பின்னாலேயே வந்தாள்.

"அஞ்சல பேர மட்டும் மாத்தாத" என்றாள். "அவ இன்னா பண்ணா?"